கூடவே வர மறுக்கும் கார்

சிங்கப்பூரில் பதினொரு வருடம் இருந்துவிட்டுத் திருச்சிக்கே திரும்பிவிடுவது என்று என் சித்தப்பா மகன் முடிவெடுத்தபோது, கப்பலில் ஏற்ற வேண்டிய சாமான்களின் பட்டியலை வாட்ஸாப்பில் அனுப்பினான். வாஷிங் மெஷின், இரண்டு கட்டில், பிள்ளைகளின் சைக்கிள், ஒரு கீபோர்டு. கடைசி வரியில் கார். வாங்கி இரண்டு வருடம்தான் ஆகிறது. "அண்ணே, எப்படியும் ஒரு கண்டெய்னர் எடுக்கத்தான் போறோம். இதையும் உள்ள தள்ளிட்டா என்ன?"

குடும்பத்தில் யாருக்குப் படிவம் நிரப்ப வேண்டுமென்றாலும் என்னிடம் வருவது வழக்கம். அதனால் இந்தக் கேள்வி எனக்குப் புதிதல்ல. துபாயிலிருந்து, கோலாலம்பூரிலிருந்து, ஒருமுறை லண்டனிலிருந்தும் கேட்டிருக்கிறார்கள். சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கிய வண்டி, கடனும் அடைத்தாயிற்று, வீட்டுச் சாமானோடு அதுவும் வந்தால் என்ன என்பதுதான் எல்லோருடைய எண்ணமும். அந்த எண்ணம் சறுக்குவது முதல் படியிலேயே.

1962-ஆம் ஆண்டின் சுங்கச் சட்டம், இரண்டாவது பிரிவில் பேக்கேஜ் என்றால் என்னவென்று சொல்கிறது. கையோடு வராமல் பின்னால் தனியாக வரும் சாமானும் பேக்கேஜ்தான். ஆனால் மோட்டார் வாகனம் அதில் சேராது என்று அந்த ஒரே வரியில் முடித்துவிடுகிறது. வெளிநாட்டில் பல வருடம் இருந்துவிட்டு நிரந்தரமாகத் திரும்புகிறவர்களுக்கு வீட்டுச் சாமான்களில் கிடைக்கும் சலுகை எதுவும் காரைத் தொடாததற்குக் காரணம் இந்த வரி. கட்டிலைக் கொண்டுவரும்போது நீங்கள் வீடு திரும்பும் குடிமகன். அதே கண்டெய்னரில் கார் இருந்தால், அந்தக் காரைப் பொறுத்தவரை நீங்கள் ஒரு இறக்குமதியாளர். சொந்த உபயோகத்துக்கு என்பதால் வியாபாரிகள் வாங்கும் இறக்குமதிக் குறியீட்டு எண் தேவையில்லை. கிடைக்கும் கருணை அவ்வளவுதான்.

அடுத்தது, உங்கள் கார் புதியதா பழையதா என்பது. ஷோரூமிலிருந்து எடுத்து ஆறு நாள் ஆன வண்டியை நாம் புது வண்டி என்போம். வெளிநாட்டு வர்த்தக இயக்குநரகத்தின் கணக்கு வேறு. இந்தியாவுக்கு வருமுன் எந்த நாட்டிலாவது பதிவாகியிருந்தாலோ, விற்கப்பட்டிருந்தாலோ, வாடகைக்கு விடப்பட்டிருந்தாலோ அது பழைய வண்டி. அங்கே நம்பர் பிளேட் மாட்டி ஒரு நாள் ஓட்டியிருந்தாலும் போதும். ஆகவே வெளிநாட்டில் வாழ்ந்தவர் தன் காரைக் கொண்டுவருவது என்றாலே அது பழைய காரை இறக்குமதி செய்வதுதான்.

பழைய காருக்கான நிபந்தனைகள் பார்வைக்குச் சாதாரணமாக இருக்கும். தயாரித்த தேதியிலிருந்து மூன்று வயதைத் தாண்டியிருக்கக் கூடாது. ஸ்டீயரிங் வலப்பக்கம் இருக்க வேண்டும். வேகமானி கிலோமீட்டரில் காட்ட வேண்டும். முன்விளக்கு, இடப்பக்கம் ஓடும் போக்குவரத்துக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். இறங்கிய நாளிலிருந்து ஐந்து வருடம் சாலையில் ஓடும் தகுதி உண்டு என்று சான்றுடன் உறுதி தர வேண்டும்; அந்த ஐந்து வருடமும் இங்கே சர்வீஸ் கிடைக்க வழி இருக்க வேண்டும். கப்பல் ஏறுவதற்கு முன் அங்கே ஒரு சோதனை, வந்தபின் புனேயிலுள்ள ஏ.ஆர்.ஏ.ஐ. போன்ற வாகனச் சோதனை நிலையத்தில் இன்னொன்று. இறங்க வேண்டிய இடம் மும்பைத் துறைமுகம் மட்டும். சென்னையில் துறைமுகம் இருக்கிறது, எண்ணூரிலிருந்து ஆயிரக்கணக்கில் கார்கள் ஏற்றுமதியாகின்றன, ஆனாலும் திருச்சிக்காரரின் பழைய கார் மும்பைக்குப் போய்த்தான் வர வேண்டும்.

இதில் ஸ்டீயரிங் விதி ஒன்றே வெளிநாட்டுத் தமிழர்களில் பெரும் பகுதியைக் கழித்துவிடுகிறது. சவூதி, அமீரகம், கத்தார், குவைத், ஓமன், பஹ்ரைன் எல்லாம் வலப்பக்கம் ஓட்டும் நாடுகள், ஸ்டீயரிங் இடப்பக்கம். (பஹ்ரைன் மட்டும் 1967 வரை நம்மைப் போல இடப்பக்கம் ஓட்டிக்கொண்டிருந்தது.) வளைகுடாவில் இருபது வருடம் உழைத்து வாங்கிய லேண்ட் குரூஸருக்கு வரி எவ்வளவு என்ற பேச்சுக்கே இடமில்லை. எஞ்சியவர்கள் சிங்கப்பூர், மலேசியா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, ஜப்பான் போன்ற இடங்களில் இருப்பவர்கள். பிரிட்டன்காரர் வேகமானியில் மாட்டுவார். அங்கே வெளிவட்டம் மைலில் ஓடும், கிலோமீட்டர் உள்ளே பொடி எழுத்தில் இருந்தால் உண்டு.

முன்விளக்கு விஷயத்தைப் பலர் அலட்சியமாக நினைக்கிறார்கள். இரவில் ஒரு சுவரைப் பார்த்து உங்கள் வண்டியை நிறுத்தி, லோ பீம் போட்டுப் பாருங்கள். வெளிச்சத்தின் மேல் விளிம்பு வலப்பக்கம் தட்டையாக ஓடும்; இடப்பக்கம் போகப் போக லேசாக மேலே ஏறும். ஓரத்தில் நடப்பவர் தெரிய வேண்டும், எதிரே வருபவர் கண் கூசக் கூடாது என்பதற்காக அப்படி. துபாய் வண்டியில் அந்த ஏற்றம் வலப்பக்கம் இருக்கும். அதை அப்படியே விராலிமலை ரோட்டில் ஓட்டினால், எதிரே வரும் ஒவ்வொரு டூவீலர்காரரின் முகத்திலும் டார்ச் அடித்துக்கொண்டே போவதற்குச் சமம். இந்த ஒரு நிபந்தனைக்கு மட்டும் நான் முழு ஆதரவு.

மற்றவற்றுக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டைக் காரணம் காட்டி இந்தியா நெடுங்காலம் நுகர்பொருள் இறக்குமதியை அளவுக் கட்டுப்பாட்டில் வைத்திருந்தது. அமெரிக்கா உலக வர்த்தக அமைப்பில் வழக்குப் போட்டது. 1999-ல் இந்தியா தோற்றது. மிச்சமிருந்த 715 பொருள்கள் மீதான கட்டுப்பாடு 2001 ஏப்ரல் 1-ல் நீங்கியது. அதற்கு முந்தைய நாள் புதிய ஏற்றுமதி இறக்குமதிக் கொள்கையை வெளியிட்ட வர்த்தக அமைச்சர் நம்மூர் முரசொலி மாறன். கதவைத் திறந்தே ஆக வேண்டும். அதே சமயம் ஜப்பானின் பழைய கார்கள் கப்பல் கப்பலாக வந்து குவிந்தால், அப்போதுதான் காலூன்றிக்கொண்டிருந்த இந்தியக் கார்த் தொழில் என்ன ஆகும் என்ற பயமும் இருந்தது. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை கார் தயாரிக்கத் தொடங்கி மூன்று வருடம்கூட ஆகியிருக்கவில்லை.

ஜப்பானைக் கண்டு பயந்ததில் அர்த்தம் இருந்தது. அங்கேயும் ஸ்டீயரிங் வலப்பக்கம். புதுக் காருக்கு மூன்றாவது வருடம் 'ஷாக்கென்' என்ற கட்டாயச் சோதனை வரும், பிறகு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை. செலவு பிடிக்கும் வேலை என்பதால், சோதனை நெருங்கும்போது வண்டியைக் கழித்துவிடுவது அங்கே சகஜம். நல்ல நிலையிலுள்ள கார்கள் ஏலத்துக்கு வருவது அப்போதுதான். இந்தியா வைத்த வயது வரம்பும் மூன்று வருடம். அவர்கள் விற்க ஆரம்பிக்கும் வயதில் நம் கதவு சாத்திக்கொள்கிறது. இது தற்செயல் என்று என்னால் நம்ப முடியவில்லை.

இதையெல்லாம் தாண்டி வருகிற வண்டிக்கு வரி காத்திருக்கிறது. 2025 பிப்ரவரி பட்ஜெட்டில் பழைய கார்களுக்கான அடிப்படைச் சுங்க வரி 125 சதவீதத்திலிருந்து 70 ஆகக் குறைந்தது என்ற செய்தியைப் பார்த்து எனக்கு இரண்டு பேர் போன் செய்தார்கள். செய்தி சரிதான். பாதிச் செய்தி. முன்பு 125 சதவீத வரி, அதன்மேல் பத்தில் ஒரு பங்கு சமூக நல மிகைவரி, ஆக 137.5. இப்போது 70 சதவீத வரி, கூடவே விவசாய உள்கட்டமைப்பு மேம்பாட்டு செஸ் 67.5 சதவீதம். கூட்டிப் பார்த்தால் அதே 137.5. சிங்கப்பூரில் ஓடிய காருக்கும் இங்குள்ள விவசாயத்துக்கும் என்ன உறவு என்று கேட்டால், பெயரளவு உறவுதான். அடிப்படைச் சுங்க வரி, மத்திய அரசு மாநிலங்களோடு பகிர வேண்டிய தொகுப்பில் சேரும், செஸ் சேராது.

இந்த 137.5 சதவீதம் எந்த விலையின் மேல்? என் தம்பி இங்கேதான் குழம்பினான். சிங்கப்பூரில் ஒரு காருக்குக் கொடுக்கும் பணத்தில் கார் ஒரு சிறு பகுதி. வண்டி வைத்துக்கொள்ளும் உரிமைக்கான சி.ஓ.இ. சான்றிதழ்தான் பெரிய தொகை. 2023 அக்டோபரில் பெரிய கார்களுக்கான சி.ஓ.இ. மட்டும் ஒன்றரை லட்சம் சிங்கப்பூர் டாலரைத் தொட்டது. அதனால் அவன் கார் கோடி ரூபாய்க்குப் பக்கம் வருமோ என்று பயந்தான். இன்னொரு நாள், செகண்ட்ஹேண்ட் கடையில் வெறும் வண்டிக்குச் சொன்ன அடிமாட்டு விலைக்கே வரி போடுவார்கள் என்று நம்பி நிம்மதியடைந்தான். இரண்டும் இல்லை. பழைய காருக்கு மதிப்புப் போடும்போது சுங்கத்துறை தொடங்குவது, அந்த மாடல் புதிதாக இருந்தபோது தயாரிப்பாளர் வைத்த விலையிலிருந்து. அதில் முதல் வருடம் காலாண்டுக்கு 4 சதவீதம், இரண்டாம் வருடம் 3, மூன்றாம் வருடம் 2.5 என்று தேய்மானம் கழிப்பார்கள். மிஞ்சுவதோடு கப்பல் கூலியும் இன்சூரன்ஸும் சேரும்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். புதிதில் 20 லட்சம் ரூபாய் மதிப்புள்ள கார், சரியாக இரண்டு வருடம் ஓடியது என்று வைத்துக்கொள்வோம். தேய்மானம் 28 சதவீதம் போக 14 லட்சத்து 40 ஆயிரம். கப்பல் கூலி, இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்து ஒரு பேச்சுக்கு 1 லட்சத்து 60 ஆயிரம். ஆக 16 லட்சம். அதன்மேல் 137.5 சதவீதம், 22 லட்சம். இப்போது 38 லட்சம். ஜி.எஸ்.டி. இந்த 38 லட்சத்தின் மேல்தான் விழும், காரின் விலை மேல் அல்ல, வரிக்கும் வரி. 2025 செப்டம்பர் 22 முதல் பெரிய கார்களுக்கு அது 40 சதவீதம், அதாவது 15 லட்சத்து 20 ஆயிரம். மும்பைக் கரையில் காரின் அடக்கம் 53 லட்சத்து 20 ஆயிரம். நான்கு மீட்டருக்குள், 1200 சி.சி.க்குள் இருக்கும் பெட்ரோல் கார் என்றால் ஜி.எஸ்.டி. 18 சதவீதம்; அப்போதும் அடக்கம் 44 லட்சத்து 84 ஆயிரம். ஆனால் அத்தகைய சின்னக் காரை யாராவது கடல் தாண்டிக் கொண்டுவருவார்களா? சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று சொன்ன கிழவிக்கு ஜி.எஸ்.டி. தெரியாது, தெரிந்திருந்தால் பழமொழியை இன்னும் கடுமையாகச் சொல்லியிருப்பாள்.

இன்னும் ஊர் வந்து சேரவில்லை. க்ளியரிங் ஏஜென்ட் கூலி இருக்கிறது, சோதனைச் சான்று வரும்வரை துறைமுகத்தில் நாள் கணக்கில் ஏறும் டெமரேஜ் என்ற தாமதக் கட்டணம் இருக்கிறது, புனேக்கும் பிறகு தமிழ்நாட்டுக்கும் லாரியில் ஏற்றி அனுப்பும் செலவு இருக்கிறது. பில் ஆஃப் என்ட்ரி என்ற சுங்கத்துறை இறக்குமதிப் பத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஆர்.டி.ஓ. அலுவலகம் போனால் அங்கே ஆயுள் வரி. தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல் 20 லட்சத்துக்கு மேற்பட்ட புதுக் கார்களுக்கு அது 20 சதவீதம். வண்டியின் வயதைப் பார்த்து விகிதம் கொஞ்சம் இறங்கலாம். ஆனால் கணக்கின் அடி, சுங்க வரியும் சேர்ந்த விலை. நடிகர் விஜய் 2012-ல் இங்கிலாந்திலிருந்து இறக்கிய ரோல்ஸ்ராய்ஸ் வழக்கு நினைவிருக்கும். அது நுழைவு வரியைப் பற்றியது; சுங்க வரி கட்டியபின் மாநிலமும் ஏன் கேட்கிறது என்பதே அதன் அடிநாதம். 2021 ஜூலையில் சென்னை உயர்நீதிமன்றம் ஒரு லட்சம் அபராதம் விதித்ததும், நீதிபதியின் கடுமையான வரிகள் பிறகு நீக்கப்பட்டதும்தான் செய்தியானது. அந்த நுழைவு வரி ஜி.எஸ்.டி. வந்தபோது போய்விட்டது. ஆயுள் வரி போகவில்லை.

அப்படியானால் கேரளத்து ரோடுகளில் துபாய் நம்பர் பிளேட்டோடு ஓடும் வண்டிகள்? கொச்சிப் பக்கம் போனவர்கள் பார்த்திருப்பார்கள். அவை இறக்குமதி ஆனவை அல்ல, விருந்துக்கு வந்தவை. கார்னே என்று ஒரு புத்தகம் உண்டு. காருக்கான பாஸ்போர்ட் என்று வைத்துக்கொள்ளலாம். வசிக்கும் நாட்டிலுள்ள ஆட்டோமொபைல் கிளப் ஒன்று, பிணைத் தொகை வாங்கிக்கொண்டு, இந்த வண்டி திரும்பிப் போகும், போகாவிட்டால் வரியை நாங்கள் கட்டுகிறோம் என்று உத்தரவாதம் தருகிறது. ஒவ்வொரு தாளும் மூன்று துண்டு: நுழையும்போது சுங்க அதிகாரி ஒன்றைக் கிழித்துக்கொள்வார், வெளியேறும்போது இன்னொன்று, அடிக்கட்டை முத்திரையோடு புத்தகத்திலேயே இருக்கும். புத்தகம் ஒரு வருடத்துக்குச் செல்லும். இந்தியாவில் வண்டி சாதாரணமாக ஆறு மாதம் இருக்கலாம். இதில் ஸ்டீயரிங் எந்தப் பக்கம் என்று பார்ப்பதில்லை. இடப்பக்க ஸ்டீயரிங் வண்டி, சரியாக வேலை செய்யும் சிக்னல் கருவியோடுதான் ஓட வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 120-வது பிரிவு சொல்வதோடு சரி. 2022-ல் வந்த மத்திய அரசின் விதிகளின்படி பதிவுச் சான்று, இன்சூரன்ஸ், புகைச் சான்று, உரிமம் எல்லாம் வண்டியிலேயே இருக்க வேண்டும். உள்ளூர்ப் பயணிகளை ஏற்றக் கூடாது.

விடுமுறைக்கு வருகிறவருக்குக் கார்னே நல்ல ஏற்பாடு. நிரந்தரமாகத் திரும்புகிறவருக்கு இது பொறி. ஆறு மாதத்தில் வண்டி வெளியே போகாவிட்டால் பிணைத் தொகை போவதோடு, வரியும் அபராதமும் சேர்ந்து பெயருக்கு வரும். "இப்படியே கொஞ்ச நாள் ஓட்டிட்டு அப்புறம் பதிவு பண்ணிக்கலாம்" என்று சொல்லித் தருகிறவர் எந்த ஊரிலும் ஒருவர் இருப்பார். மூன்று வயது தாண்டிய, இடப்பக்க ஸ்டீயரிங் வண்டியை அப்புறமும் பதிவு செய்ய முடியாது.

வரியால் விலை இப்படி மூன்று மடங்கு ஏறினால், அந்த வரியைத் தாண்டிக் குதிக்க ஆள் வராமலா இருக்கும்? பழைய காரைப் புதியது என்று காட்டுவது, தயாரித்த வருடத்தை மாற்றுவது, விலையைக் குறைத்து எழுதுவது, ஊர் திரும்பும் யாரோ ஒருவரின் பாஸ்போர்ட்டில் வண்டியை இறக்குவது என்று வழிகள் பல. 2013 மார்ச்சில் சென்னையில் சி.பி.ஐ. நடத்திய சோதனைகள் சொகுசுக் கார் இறக்குமதி பற்றியவைதான், தி.மு.க. மத்திய ஆட்சிக்கான ஆதரவை விலக்கிய அதே வாரத்தில் ஸ்டாலின் வீட்டிலும் நடந்ததால் அரசியல் மட்டும் பேசப்பட்டு, கார் பின்னால் தள்ளப்பட்டது. 2025 செப்டம்பரில் கேரளத்தில் சுங்கத்துறை நடத்திய 'நும்கோர்' சோதனை இன்னொரு பாதையைக் காட்டியது. பூட்டானில் பழைய வண்டிகளாக வாங்கி, எல்லை தாண்டி, போலிப் பத்திரங்களில் இந்திய நம்பர் வாங்கியவை என்பது குற்றச்சாட்டு. நும்கோர் என்றால் பூட்டான் மொழியில் வண்டி. இங்கே ஓ.எல்.எக்ஸ்.சில் பாதி விலைக்கு ஒரு இறக்குமதி ஜீப்பைப் பார்த்து ஆசைப்படுகிறவர்கள், பில் ஆஃப் என்ட்ரியின் நகலை முதலில் கேளுங்கள். வண்டியைப் பறிமுதல் செய்யும்போது, யார் கடத்தினார்கள் என்பதை விட யார் வாசலில் நிற்கிறது என்பதே முக்கியமாகிவிடும்.

பாக் நீரிணைக்கு அந்தப் பக்கம் நிலைமை தலைகீழ். இலங்கையில் சொந்தக் கார்த் தொழில் என்று பெரிதாக இல்லை. யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் ஓடுவதில் பெரும்பகுதி ஜப்பானிலிருந்து வந்த ரீகண்டிஷன் வண்டிகள். அங்கே அரசு காக்க வேண்டியது ஆலையை அல்ல, டாலரை. அதனால்தான் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியையே நிறுத்தினார்கள். தனியார் கார்களுக்குக் கதவு மறுபடி திறந்தது 2025 பிப்ரவரியில். நடுவில் 2022-ல், வங்கி வழியாக வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பிய தொழிலாளர்களுக்கு மின்சார வாகன இறக்குமதி அனுமதி என்று ஒரு திட்டம் வந்தது. டாலர் கொண்டுவந்தால் கார் கொண்டுவரலாம் என்ற நேரடிப் பேரம். இந்தியா தன் பிள்ளைகளிடம் அப்படிப் பேரம் பேச வேண்டிய அவசியத்தில் இல்லை; அவர்கள் டாலரை எப்படியும் அனுப்பிவிடுகிறார்கள்.

ஒரு வேடிக்கையும் சொல்ல வேண்டும். மூன்று வயதுக்கு மேல் கூடாது என்ற அதே நாட்டில், ஐம்பது வயது தாண்டிய காரை விண்டேஜ் வண்டியாகக் கொண்டுவர 2025 முதல் வழி இருக்கிறது. முன்பு 1950-க்கு முந்தியவற்றுக்கு மட்டும் இருந்த வாசல் அது. குழந்தையும் கிழவனும் வரலாம், நடுவயதுக்காரனுக்கு இடமில்லை.

இவ்வளவையும் கேட்டபிறகும் தம்பி ஒரு நாள் யோசித்தான். வலப்பக்க ஸ்டீயரிங், கிலோமீட்டர் வேகமானி, வயது, எல்லாம் அவன் வண்டிக்குப் பொருந்தியதுதான் கஷ்டம். ஆனால் அந்த மாடல் இங்கே விற்பனையில் இல்லை. முன்கண்ணாடி ஒன்று உடைந்தால் ஜப்பானிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ வர வேண்டும். ஐந்து வருட சர்வீஸுக்கு என்ன உறுதி கொடுப்பது? இன்னொரு பக்கம், அங்கேயே பதிவை ரத்து செய்தால் சி.ஓ.இ.யில் மிச்சமிருக்கும் வருடங்களுக்கான தொகையும், ஆரம்பத்தில் கட்டிய கூடுதல் பதிவுக் கட்டணத்தில் ஒரு பங்கும் திரும்பக் கிடைக்கும். கணக்கைத் தாளில் எழுதிப் பார்த்தவள் அவன் மனைவி. வண்டியை ஒரு ஏற்றுமதி வியாபாரியிடம் கொடுத்துவிட்டு, ஊர் வந்து தில்லைநகர்ப் பக்கம் ஒரு ஷோரூமில் ஸ்ரீபெரும்புதூர்த் தயாரிப்பு ஒன்றை புக் செய்தார்கள்.

கண்டெய்னர் வந்து பிரித்தபோது கட்டிலுக்கடியில் ஒரு அட்டைப்பெட்டி இருந்தது. பழைய காரின் தரைவிரிப்பு நான்கு, ஒரு டாஷ்கேம், ரியர்வியூ கண்ணாடியில் தொங்கிய சமயபுரத்தம்மன் படம். இதெல்லாம் எப்படி வந்தது என்றேன்.

"இதெல்லாம் பேக்கேஜ்தானேண்ணே" என்றான்.